ஆற்றங்கரை உபயம்

மார்த்தாவுக்கு அந்த ஊரைப் பிடிக்கவில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூத்த மகன் எட்வேட் பெற்றோல் செட்டில் இரவு பகலாக நின்று உழைத்து, லண்டன் சந்தடிக்கு வெளியே, ட்விக்கன்ஹாம் என்ற ஊரில், ஆற்றுக்குக் கிட்ட வீடு வாங்கியிருக்கிறான். விசா எடுத்து, ரிக்கற் போட்டு, ஆறு மாதத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டும் இருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் ஊர் நல்லாயில்லை என்று சொன்னால் வாய் அழுகிப் போகாதா?

ஆனால் அது என்ன ஊர்? நாய்கூட உரிமையாளரைக் கேட்டுத்தான் குரைக்கும் போல. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது குப்பைத்தொட்டி வெளியே வரும் நாளில்தான் தெரியும். மன்னாரில் அவளது ஊரான பேசாலையில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்கு வாசம் போகும். இங்கே சட்டியை அடுப்பில் வைத்ததுமே மருமகள் மாக்கிறட் ஓடிவந்து யன்னல்களைச் சாத்துவாள். அவள் விடத்தல்தீவுக்காரி, மீன் மணத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இப்போது மீன் மணம் தலையிடியாம்.

ஆறு மட்டும் பரவாயில்லை. வந்த மறுநாள் எட்வேட்டோடு நடந்தபோதே மார்த்தா அதைக் கவனித்துவிட்டாள். போகும்போது படிக்கட்டின் கீழே கிடந்த தண்ணீர், திரும்பி வரும்போது இரண்டு படி ஏறி நின்றது.

"இதென்னடா, ஆறெண்டாய். கடலெல்லோ ஏறுது."

"ஓம் அம்மா. கடல் கன தூரம். ஆனா வத்துப் பெருக்கு இதுவரைக்கும் வரும்" என்றான் எட்வேட், அவள் முகத்தைப் பாராமல். அதற்குப் பிறகு அவன் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகவேயில்லை. கேட்டால் குளிர் என்பான், வழுக்கும் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவளையும் மாக்கிறட்டையும் வீட்டில் இறக்கிவிட்டு அவன் மட்டும் தனியே அந்தப் பக்கம் நடந்து போவான். அவனுக்கு மட்டும் வழுக்காதாக்கும் என்று மார்த்தா மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்வாள்.

அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இளையவன் வின்சன்ட். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கி, சனம் வள்ளம் வள்ளமாக இராமேஸ்வரத்துக்கு ஓடிய நேரம், இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பினாள். கணவன் அம்புறோஸ் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அவள் போகவில்லை. சின்னவனின் கையைப் பெரியவனின் கையில் பிடித்துக் கொடுத்து, விட்டுவிடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். சில கிழமை கழித்து மண்டபம் முகாமிலிருந்து எட்வேட் ஆள்மூலம் சொல்லியனுப்பினான். கரையில் ஆமி வந்துவிட்டதாம், இருவரும் திசைக்கொருவராக ஓடினார்களாம், தான் மட்டும் வள்ளத்தில் ஏறினானாம், தம்பியைக் காணவில்லையாம்.

அன்றைக்குத் தொடங்கியது மார்த்தாவின் அலைச்சல். அவள் ஏறாத ஆமிக் காம்ப் இல்லை, இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அம்புறோஸ் மகனைக் காணாமலே கண்ணை மூடினான். கடைசி வருஷங்களில் மன்னார் ரவுணில், காணாமல் போனவர்களின் தாய்மார் போட்ட கொட்டகையில் அவளும் போய் இருந்தாள். மடியில் வின்சன்டின் படம் ஒட்டிய மட்டை. அதில் அவன் பெயர் மூன்று பாஷையிலும் எழுதியிருக்கும். பக்கத்தில் முசலிப் பக்கத்துக் கைருன்னிசா, காணாமல் போன தன் கணவனின் படத்தோடு. ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பாள். ஞாயிறு தவறாமல் எட்வேட் லண்டனிலிருந்து போன் எடுப்பான். சுகம் விசாரித்தபின் கடைசியில் ஒரு கேள்வி கேட்பான், "தம்பியைப் பற்றி ஏதும் அறிஞ்சியளோ அம்மா?" பிள்ளைக்குத் தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று அவள் நெகிழ்ந்துபோவாள்.

கார்த்திகை மாதம் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, மார்த்தா அம்புறோஸுக்கு ஒன்று கொளுத்திவிட்டு வந்துவிடுவாள். வின்சன்டுக்கும் ஒன்று கொளுத்தினால் என்ன என்று கேட்ட பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்தோடு அவள் இன்றுவரை கதைப்பதில்லை.

ட்விக்கன்ஹாமுக்கு வந்து ஒரு மாதமிருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன ஒரு நாள், மார்த்தா மருமகளின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தானாகவே ஆற்றங்கரைக்குப் புறப்பட்டாள். வழுக்கவில்லை. கரை நெடுக மரவாங்குகள் போட்டிருந்தார்கள். கால் உளையவே ஒன்றில் உட்கார்ந்தாள். மூச்சு ஆறி எழும்பும்போதுதான், முதுகு சாயும் பலகையில் பதித்திருந்த சின்னப் பித்தளைத் தகட்டைக் கண்டாள்.

மார்த்தாவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு சொல் தெரியும். அந்த இரண்டு சொல்லையும் வருஷக்கணக்காக மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்தவள் அவள். தகட்டில் நாலைந்து வரி இருந்தது. நடுவில் இருந்த வரியை அவள் விரலால் தடவிப் பார்த்தாள், எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். வின்சன்ட் அம்புறோஸ்.

அவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

பேசாலைக் கோயிலில் வாங்குகளின் முதுகிலும் பெயர் இருக்கும். செய்து கொடுத்தவர்களின் பெயர். 'அம்புறோஸ் குடும்பத்தின் உபயம்' என்று அவள் கணவனும் மஞ்சள் பெயின்றில் எழுதுவித்தான், வின்சன்ட் பிறந்த வருஷம். பிறகு அந்த வாங்கில் வேறு யாரும் உட்கார்ந்தால் மனுசன் பூசை முடியும்வரை செருமிக்கொண்டே நிற்பான். செத்தவர்களின் பெயருக்குச் சேமக்காலையில் சிலுவை இருக்கிறது. ஆட்கள் குந்துகிற இடத்தில் செத்தவன் பெயரை எந்தப் புத்தியுள்ளவன் எழுதுவான்? ஆகவே மார்த்தாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வின்சன்ட் உயிரோடு இருக்கிறான். இந்த ஊரிலேயே இருக்கிறான். வெள்ளைக்காரனின் ஆற்றங்கரையில் வாங்கு உபயம் செய்கிற அளவுக்கு வசதியாக இருக்கிறான்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நாயோடு வந்த ஒரு கிழவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மிச்சத்தை அவள் மனம் தானாகவே கட்டி எழுப்பியது. அண்ணனும் தம்பியும் ஏதோ சண்டை பிடித்திருக்கிறார்கள். காசு பிரச்சினையாக இருக்கும், இல்லாவிட்டால் பெண் பிரச்சினை. வின்சன்ட் ஒரு வெள்ளைக்காரியோடு இருக்கிறானாக்கும். அம்மாவுக்கு எந்த முகத்தோடு சொல்வது என்று ஒளிந்து திரிகிறான், அதனால்தான் எட்வேட்டும் அவளை இந்தப் பக்கம் வர விடவில்லை. கள்ளப் பயல்கள். வரட்டும், காதைத் திருகிவிட்டுத்தான் மறுவேலை. அவன் குரலைப் போனில் முதலில் கைருன்னிசாவுக்குக் கேட்கப் பண்ணவேண்டும். அதுவரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது.

அந்த நாளிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் அங்கே போனாள். வாங்கு செய்து கொடுத்தவன் ஒரு நாளாவது அதைப் பார்க்க வராமலா இருப்பான்? பாண் துண்டுகளுக்குள், வெங்காயம் வதக்கிச் செய்த சீனிச்சம்பல் வைத்துக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோவாள். சின்ன வயதில் வின்சன்ட் மீனைத் தள்ளிவிட்டு அதைத்தான் கேட்பான். வாங்கின் ஒரு ஓரத்தில் தான் இருந்து, மற்ற ஓரத்தை அவனுக்கு விட்டுவைப்பாள். பொழுதுபட்டதும் பாணை வாத்துக்களுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு வருவாள். அந்த நாட்களில் மாக்கிறட் யன்னலைச் சாத்தியதுகூட அவளுக்குக் கோபம் மூட்டவில்லை.

பெருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறிய ஒரு நாள், நடைபாதை விளிம்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு வேலை நேரத்தோடு முடிந்து வீட்டில் அவளைக் காணாமல் தேடிக்கொண்டு எட்வேட் வந்தான். வாங்கில் அவளைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டான்.

"இஞ்சை ஏன் அம்மா இருக்கிறியள்?"

"இருந்தால் என்ன? என்ரை பிள்ளையின்ரை வாங்கு."

எட்வேட் தகட்டைப் பார்த்தான். பிறகு அவள் மடியில் இருந்த பாணைப் பார்த்தான்.

"பயப்பிடாதை, நான் ஏசமாட்டன்" என்றாள் மார்த்தா. "உங்கள் ரண்டு பேருக்கும் என்ன கோபமோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெள்ளைக்காரியை வைச்சிருந்தாலும் பரவாயில்லை. அவனை ஒருக்கா வரச் சொல்லு."

"அம்மா, இது தம்பி போட்டதில்லை. நான் போட்டது."

"நீ போட்டால் உன்ரை பேரெல்லோ இருக்கவேணும்?"

எட்வேட் மற்ற வாங்குகளைக் கையால் காட்டினான். "இஞ்சை செத்த ஆக்களின்ரை பேரைத்தான் போடுறவங்கள்" என்றான்.

மார்த்தா கரை நெடுகப் பார்த்தாள். எல்லா வாங்கிலும் ஒவ்வொரு தகடு. அந்த வாங்குகளில் ஆட்கள் குந்தியிருந்து கோப்பி குடித்தார்கள். அவள் மெல்ல எழுந்தாள். இத்தனை நாளும் மகனின் கல்லறையில் குந்தியிருந்து அவனுக்குப் பாணோடு காத்திருந்திருக்கிறாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. வள்ளக்காரன் எங்களை நடுக்கடல் மணல்திட்டிலை இறக்கிவிட்டிட்டுப் போட்டான், அங்காலையிருந்து இந்திய வள்ளம் வந்து ஏத்தும் எண்டு. தம்பி அடுத்த திட்டுக்கு நீந்திப் போறனெண்டு இறங்கினவன். நீரோட்டம் இழுத்துப்போட்டுது."

மார்த்தா தகட்டைக் காட்டி, "இதிலை என்ன எழுதியிருக்கு? வாசி" என்றாள்.

"வின்சன்ட் அம்புறோஸின் நினைவாக" என்று அவன் தமிழில் சொன்னான். "தண்ணீரை நேசித்தவன்."

"தண்ணியை நேசிச்சவனோ?"

எட்வேட் தலையைக் குனிந்துகொண்டான். பேசாலை முழுக்கத் தெரிந்த விஷயம் அது. கடற்தொழில் செய்கிற வீட்டில் பிறந்தும் வின்சன்டுக்குக் கடலென்றால் நடுக்கம். தகப்பன் அடித்துப் பார்த்தான், தூக்கி வள்ளத்தில் போட்டும் பார்த்தான், குடல் புரட்டிச் சத்தியெடுத்ததுதான் மிச்சம். கடைசியில் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலைக்குப் போனான்.

"முழங்காலுக்கு மேலை தண்ணி பட்டால் கத்துறவன்" என்றாள் மார்த்தா. "அவன் நீந்திப் போனவனோ? ஆருக்கடா கதை விடுறாய்?"

தண்ணீர் நடைபாதையில் ஏறி அவர்கள் சப்பாத்தை நனைத்தது. இருவரும் நகரவில்லை.

"வள்ளம் வந்தது" என்றான் எட்வேட். "கனக்க சனம். ஒராளுக்குத்தான் இடம் எண்டு சொன்னாங்கள். நான் போய் மற்ற வள்ளத்தை அனுப்புறன், நீ இதிலையே நில் எண்டு சொல்லிப்போட்டு ஏறினனான். அவன் என்ரை சேட்டு நுனியைப் பிடிச்சவன் அம்மா. நான் அவன்ரை கையை எடுத்துவிட்டனான். திரும்பி வள்ளம் போகேக்கை திட்டே இல்லை. பெருக்கு மூடிப்போட்டுது."

"ஞாயிறு ஞாயிறு போன் எடுத்து, ஏதும் அறிஞ்சியளோ எண்டு கேட்டியே. ஏன் கேட்டனி?"

"கேக்காட்டிச் சந்தேகப்படுவியள் எண்டு."

மார்த்தாவுக்கு அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது. கை எழவில்லை.

"சொல்லத்தான் நினைச்சனான்" என்று அவன் அழுதான். "பிறகு இஞ்சை வந்து அகதியாக் கேக்கேக்கை, தம்பியை ஆமி பிடிச்சதெண்டு சொல்லித்தான் எனக்கு விசா தந்தவங்கள். அதுக்குப் பிறகு எப்பிடி மாத்துறது? ஒரு இடத்திலையாவது அவன்ரை பேர் இருக்கட்டும் எண்டுதான் இதைப் போட்டனான்."

அந்த வீடு, மாக்கிறட்டின் யன்னல்கள், அவள் வந்திறங்கிய விமான ரிக்கற், எல்லாம் அந்தத் திட்டில் நின்றவனை விற்று வந்தவை. அம்புறோஸ் கடைசி மூச்சிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. இந்தப் பிள்ளையையும் நான்தானே பெற்றேன் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எட்வேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "அம்மா, ஊருக்குப் போய் ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்" என்றாள் மார்த்தா. "உனக்காண்டி எண்டு நினைக்காதை. கைருன்னிசாவின்ரை மனுசனை அவள் கண்ணுக்கு முன்னாலைதான் ஏத்திக்கொண்டு போனவங்கள். என்ரை கதை பொய்யெண்டு வெளியிலை வந்தால், நாளைக்கு அவளையும் கள்ளி எண்டுவாங்கள். அந்தக் கொட்டகையிலை இருக்கிற அத்தினை தாய்மாரையும் சொல்லுவாங்கள். அதாலை நான் போய்த் திரும்பவும் இருக்கத்தான் வேணும், அவன்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு. கார்த்திகையிலை ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் எனக்கு வழியில்லை. இதடா நீ எனக்குச் செய்த உபயம். இதிலை போட்டிருக்கவேணும் உன்ரை பேரை."

ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் சற்றுத் தள்ளி, கையில் கோப்பியோடு, மரியாதையாகக் காத்துநின்றார்கள். மற்ற வாங்குகளில் இடமில்லை. நீங்கள் இருக்கப் போகிறீர்களா என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டு கேட்டாள். எட்வேட் இல்லையென்று தலையாட்டினான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, சப்பாத்து நனையாமல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, வின்சன்டின்மேல் உட்கார்ந்தார்கள்.