மூணு பத்து பஸ்

புது டீன் கோகிலவாணி மேடம் முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகளை என் மேசையில் தொப்பென்று போட்டபோது, நான் அவருடைய முன்னுரிமைப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தட்டச்சு என்று சொன்னால் பாதிப் பொய். இந்தப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளன். வருகிற டீன் ஒவ்வொருவரும் துணைவேந்தருக்குப் பத்து முன்னுரிமைகள் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆராய்ச்சித் தரம், தொழிற்சாலை ஒப்பந்தம், புதுக் கருவிகள் என்று போகும். பழைய பட்டியலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றிவிடுவேன். ஆறு டீன்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

“தீர்த்தகிரி, இதப் பாருங்க. முப்பத்தெட்டு பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி பதினெட்டுப் புள்ளி ஆறு மில்லி!”

சொல்லி வைத்ததுதான். வேதியியல் இரண்டாம் ஆண்டுக்குச் செய்முறை வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு. வெண்ணந்தூர்ப் பக்கம் போகும் பஸ் மூன்று பத்துக்கு, அதை விட்டால் ஆறரைக்குத்தான். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று தடவை அளந்து பார்க்க நேரம் ஏது? சீனியர்கள் கொடுத்த அளவை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். காலையில் வகுப்பை வைக்கலாம் என்றால், சேலத்திலிருந்து ஆசிரியர்கள் வரும் ரயில் பத்தரைக்குத்தான் சேரும். கல்லூரி முழுவதும் தெரிந்த சங்கதி இது. மேடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

“மொத முன்னுரிமை, ஆய்வகத்துல நேர்மை. எழுதுங்க. நாலரை வரைக்கும் இருந்து மறுபடி செய்யாதவங்களுக்குப் பரீட்சை கெடையாது.”

அடுத்த புதன்கிழமை எல்லாரும் இருந்தார்கள். மேடம் மேசை மேசையாகச் சுற்றிவந்தார். சௌமியா என்ற பெண்ணுக்குப் பத்தொன்பது புள்ளி இரண்டு வந்தது. “மேடம், கலர் மாறறத இன்னிக்குத்தான் மேடம் பாக்கறேன்!” என்று குதித்தாள். மேடத்துக்கு வாயெல்லாம் பல். மறுநாளிலிருந்து அந்தப் பெண் கல்லூரிக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, அவள் ஏன் வரவில்லை என்று மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதுதான் பஸ் கதையைச் சொன்னேன்.

“இத்தன வருஷமாத் தெரியும். ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலீங்க மேடம்.”

சொன்னபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

கல்லூரிக் காரில் வெண்ணந்தூர் போனோம். சௌமியாவின் அப்பா சடையன் தறி ஓட்டுகிறவர். எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். சௌமியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில் முகம் சுண்டிப்போயிருந்தது.

“அன்னிக்கி புள்ள ஊடு வந்து சேரயில எட்டு மணிங்க. காலேஜு பஸ் ஸ்டாப்பு பக்கத்துலயே சாராயக் கடை. நிக்கறவனெல்லாம் கண்டபடி பேசிருக்கறான். படிக்க வெக்கோணும்னு எனக்கு ஆசை இல்லீங்களா?”

“நான் பொறுப்பு. தைரியமா அனுப்புங்க” என்றார் மேடம்.

சடையன் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க ஒருநாளைக்கி அந்த ஆறரை பஸ்ஸுல வாங்க. வந்து எறங்கிட்டு அனுப்புன்னு சொல்லுங்க. அனுப்பறேனுங்க.”

திங்கட்கிழமை நாலரைக்கே மேடம் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். துணைக்குப் போன என்னைத் தெரியாத ஆள் மாதிரித் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் நான்கு தடவை இடம் மாறி நின்றார். ஒருவன் மணி கேட்கிற சாக்கில் உரசிக்கொண்டு வந்தான். இன்னொருவன் எங்கே போகவேண்டும், கொண்டுபோய் விடட்டுமா என்று இளித்தான். நான் ஓரடி முன்னால் வைத்தேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார். டீன் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? அவர்களுக்கு அவர் தனியாக நிற்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். பஸ் ஆறு ஐம்பதுக்கு வந்து, நிறுத்தம் தாண்டிப் போய் நின்றது. கூட்டத்தோடு மேடமும் ஓடினார். ஏறும்போது செருப்பு வார் அறுந்தது. வெண்ணந்தூர் வரை பையை நெஞ்சோடு அணைத்தபடியே நின்று வந்தார். ஐம்பத்து நான்கு வயது அவருக்கு. எனக்கு என்னவோ போலிருந்தது.

மேடம் முன்பே சொல்லியனுப்பியிருந்ததால் வெண்ணந்தூரில் சடையனும் சௌமியாவும் காத்திருந்தார்கள். அந்தப் பெண் ரெக்கார்டு நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சடையன் கும்பிட்டார். “சொன்னது சொன்னதுதானுங்க. நாளையிலிருந்து அனுப்பறேன்.”

“வேண்டாங்க. இந்த பஸ்ஸுல உங்க பொண்ண அனுப்பாதீங்க.”

சௌமியாவின் முகம் செத்துவிட்டது.

“லேப்ப காலைல ஒம்பது மணிக்கு மாத்தறேன். மூணு பத்து பஸ்ஸுலயே ஊட்டுக்கு வந்துரலாம்.”

“உங்க வாத்தியாருங்க ஒத்துக்குவாங்களா?”

மேடம் என்னைப் பார்த்தார். ஆசிரியர்கள் வரும் பத்தரை ரயிலை நினைத்து நான் தரையைப் பார்த்தேன்.

“தெரியல. ஒம்பது மணிக்கு நான் வருவேன்.”

சடையன் மேடத்தின் செருப்பில்லாத காலைப் பார்த்தார். சௌமியா நோட்டை அப்பாவிடம் கொடுத்தாள். மேடத்தின் கையிலிருந்த அறுந்த செருப்பை வாங்கிக்கொண்டு தெருவிளக்கடியில் உட்கார்ந்தாள். துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு வாரில் குத்தினாள். மேடம் ஒற்றைக் கால் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.