கொசுறுத் தலை

ஓவியர் திரைத்துணியைச் சுண்டி இழுத்ததும் துணிக்கடை முதலாளிக்கு வாயடைத்துப் போனது. அந்த வாய் அடைத்துக் கடைவீதியில் யாரும் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் "இதுதான் கடைசி விலை" என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகுதான் பேச்சையே தொடங்குகிற மனிதர். அதனால் அவருக்குப் பெயரே 'கடைசி விலை'.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டபடி நட்டநடுவில் அவர். கேட்டபடி எல்லோரையும்விடப் பெரிய ஆளாக, தோளில் சிவப்புச் சால்வையோடு. அக்கம்பக்கத்தில் தம்பியும் இரண்டு மகன்களும், பின்னால் அடுக்கடுக்காகத் துணிச் சுருள்கள். ஆனால் அவருடைய கண் அவர்மேல் நிற்க மாட்டேன் என்றது. பிடித்து இழுத்து நடுவில் வைத்தால், வழுக்கிக்கொண்டு வலது ஓரத்துக்கே ஓடியது. அங்கே, கதவோரம், கையகலத்துக்கு அவர் மனைவி.

"அண்ணே, நடுவுல நீங்கதான் இருக்கீங்க. ஆனா பார்க்கிறவன் அண்ணியைத்தான் பார்ப்பான்" என்றார் தம்பி. தன் மீசை நன்றாக வந்திருக்கிற சந்தோஷம் அவருக்கு.

பேரம் பேசிய அன்று ஓவியர் தலைக்கு இவ்வளவு என்று கேட்டார். கடைசி விலை விடுவாரா? "நாலு தலைக்குத் தர்றேன். வீட்டுக்காரியைக் கொசுறாப் போட்டுடுங்க. எங்கயாச்சும் ஓரத்துல நிக்கட்டும்" என்று அடித்துப் பேசி முடித்துவிட்டார். வீடு கடைக்கு மேல்மாடி. மனைவி அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பைகளோடு படி இறங்கி வந்தாள். கோப்பைகளை வைத்தாள், போனாள்.

மறுநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "படம் முடிஞ்சதும் நான் தங்கச்சி ஊருக்குப் போறேங்க. அவ தையல் கடையைப் பார்த்துக்கிட்டு இனி அங்கயே இருந்துடறேன்" என்றாள். அவர் ஒரு சட்டைத் துணியை அளந்துகொண்டிருந்தார். "ம்" என்றார்.

'போறேன்' என்ற சொல்லுக்கு மிரள்கிற ஆளா அவர்? தினம் எத்தனை பேர் துணியைத் தள்ளிவிட்டுப் 'போறேன்' என்று எழுகிறார்கள்! கடை வாசலின் கடைசிப் படியில் கால் வைக்கும் வரை விட்டுவிட்டு, "சரி சரி, வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் இதுவரை படியிறங்கிப் போய் யாரையும் கூப்பிட்டதில்லை. மனைவிக்கும் அந்தக் குரலைத்தான் எடுத்து வைத்திருந்தார்.

இப்போது படத்தின் முன்னால் அவருக்கு வாய் திரும்பி வந்தது. "ஏன்யா ஓவியரே, கொசுறுன்னு சொன்னதை முதல் சரக்கா ஆக்கி வெச்சிருக்கியே, இது நியாயமா?"

"நீங்க கேட்ட இடம், கேட்ட அளவு, கேட்ட செவப்பு. எதுல குறை வெச்சேன் மொதலாளி? கண்ணு எங்க போகணும்னு நாம பேசவே இல்லையே."

தம்பி சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கண்ணைப் பாதி மூடிப் பாருங்க" என்றார் ஓவியர்.

அது அவருக்குத் தெரியாத வித்தையா? இரண்டு துணியின் சாயம் ஒத்துப்போகிறதா என்று அப்படித்தானே பார்ப்பார். கண்ணைச் சுருக்கினார். முகங்கள் கரைந்தன. சிவப்புச் சால்வை பின்னாலிருந்த செம்பழுப்புச் சுருள்களோடு சேர்ந்து காணாமல் போனது. நடுவில் நாலு பேரும் ஒரே மூட்டையாகக் கிடந்தார்கள். சுருள்களின் சாய்வெல்லாம் விரல் நீட்டியதுபோல ஓரத்தைக் காட்டியது. அங்கே கதவின் இருட்டை ஒட்டி மனைவியின் வெளிர்மஞ்சள் சேலை, கத்தரித்து எடுத்த மாதிரி.

"உங்க நாலு பேரு விளிம்பையும் குழைச்சு விட்டுட்டேன். அவங்களுக்கு மட்டும் குழைக்கல. இருட்டை ஒட்டி வெளிச்சம் வெச்சா கண்ணு ஓடிப்போய் அங்க நின்னுடும்."

"ஏன் அப்படிச் செஞ்சே?"

"படத்துக்காக உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்க நாலு பேரும் என்னைப் பார்த்தீங்க. அவங்க வாசலைப் பார்த்தாங்க. அந்த அறையில எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் மொதலாளி."

அவர் படத்துக்கு அருகே போய்க் குனிந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை நம்புகிற வியாபாரி உருப்பட மாட்டான் என்று மகன்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார்: காலைப் பாரு. போக்குக் காட்டுகிறவன் முகம் வாசலைப் பார்க்கும், கால்விரல் சரக்கைப் பார்க்கும். நிஜமாகவே போகிறவனுக்கு விரல் பத்தும் வாசலைத்தான் பார்க்கும்.

விரல் பத்தும் வாசலைப் பார்த்தன. காலில் செருப்பு இருந்தது.

அவர் விரலால் அதைத் தொட்டார். "செருப்பு… நீயா போட்டது?"

"அவங்க போட்டிருந்தாங்க. படத்துக்கு நிக்க வந்தப்பல்லாம்."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. மனைவி கையில் பையோடு இறங்கினாள். படத்தின் முன்னால் நின்று பார்த்தாள். "நல்லா வந்திருக்கு தம்பி" என்று ஓவியரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏய், நில்லு. உனக்கு என்னதான் வேணும்? கேளு, தர்றேன்."

"சொன்னப்ப நீங்க துணி அளந்துக்கிட்டு இருந்தீங்க." அவள் திரும்பவில்லை. "விடுங்க. கொசுறு போனா கடைக்கு என்ன நட்டம்?"

முதல் படி, இரண்டாம் படி. அவர் எடுத்து வைத்திருந்த குரலைக் கொடுத்தார்: "சரி சரி, வா!" அவள் கடைசிப் படியையும் தாண்டித் தெருவில் இறங்கினாள். எதிர்க்கடைக்காரன் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றான்.

கடைசி விலை படியிறங்கினார். செருப்பில்லாமல், கடைவீதி பார்க்க, ஓடினார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் மூச்சு வாங்க.

"வழியை மறிக்காம, பேசிக்கிட்டே வாங்க. வண்டிக்கு நேரமாச்சு."

அவர் பையை வாங்கிக்கொண்டார். தோள் ஒரு பக்கமாக இறங்கியது. போக்குக் காட்டுகிறவர்கள் இவ்வளவு கனம் சுமப்பதில்லை.