மேசைக்கு மூன்றாவது ஆள்

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க" என்று வேதியியல் ஆசிரியர் சொன்னதும் நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பின் பாதியில் வந்து சேர்ந்தவள் நான். மற்ற எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. ஆசிரியர் என்னை ஜன்னலோர மேசையில் இருந்த இரண்டு பெண்களோடு மூன்றாவதாக நிறுத்தினார்.

நெட்டையாக இருந்தவள் காரம் நிரப்பிய கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைத் திறந்தாள். கீழே குடுவையில் இருக்கும் அமிலம் இளஞ்சிவப்பானதும் நிறுத்த வேண்டும். என் வேலை பார்ப்பது மட்டும். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும், அவர்கள் குடுவையில் நிறங்காட்டியை விடவே இல்லை. அது இல்லாமல் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் மாறாது. சொன்னால், வந்ததும் வராததுமாக மேதாவித்தனம் என்பார்கள். சொல்லாமல் இருந்து பிறகு தெரிந்தால்?

பியூரெட் காலியாகும் நிலைக்கு வந்துவிட்டது.

"நிறங்காட்டி... விடலைன்னு நினைக்கிறேன்."

"அடிப்பாவி! இவ்ளோ நேரம் வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?" என்றாள் நெட்டை.

"திட்டுவீங்களோன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சவா போறோம்?" என்றாள் அவளோடு இருந்த சுருட்டைமுடிக்காரி.

அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். "யாரு மறந்தது?"

எனக்குக் காது சூடாகியது. நெட்டை என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாங்க மூணு பேரும்தான் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். நெட்டை குடுவையைக் கழுவி, புது அமிலத்தோடு நிறங்காட்டியும் விட்டு, பியூரெட்டையும் நிரப்பிவிட்டு, என்னை அதன் பக்கம் தள்ளினாள். "இந்தத் தடவை நீ."

"கை நடுங்குதுடி" என்றேன். 'டி' போட்டுவிட்டோமே என்று உடனே பயம் வந்தது.

"நடுங்கட்டும்டி. சொட்டுச் சொட்டாத்தானே விழணும்?"