முப்பத்தேழாம் மனை

"வண்டியத் திருப்புங்கண்ணே. வீட்டுக்குப் போகல."

காளவாசல் சிக்னலில் ஜெஸி இப்படிச் சொன்னதும் ஆம்புலன்ஸ் ஓட்டிய சோலை திகைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் அவள் அப்பா மைக்கேல்ராஜின் உடல். ஆஸ்பத்திரியில் விடியும்போது உயிர் போயிருந்தது. அம்மா அற்புதமேரி அவர் காலருகே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் இப்போதுதான் போனில் பேசியிருந்தார். "தப்பா நெனைக்காதம்மா. வீட்ட விக்கப் போறேன்ல, நாளைக்குப் பாக்க ஆள் வருது. வாசல்ல சாவுப் பந்தலப் பாத்தா விலையக் கொறச்சிருவாங்க. நேரா சர்ச்சுக்கே கொண்டு போயிருங்களேன்."

வருடக்கணக்காக வாடகை வாங்கிய மனிதர். ஜெஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரவைக்கு விடுங்கண்ணே. எங்க மனைக்கு."

முன் சீட்டில் இருந்த சித்தப்பா ஆன்சன் பதறினார். "முள்ளுக்காட்டுலயா எங்கண்ணனப் போடப் போற?"

"அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் சித்தப்பா. அங்கருந்துதான் கிளம்புவாரு."

மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த மைக்கேல்ராஜ் அந்த மனையை வாங்கிய காலத்தில் ஊருக்கே நிலப் பைத்தியம் பிடித்திருந்தது. பெரிய கம்பெனி வரப்போகிறது என்று எவனோ கிளப்பிவிட்டான். விலை ஏறுகிறதே என்று வாங்கினார்கள். வாங்க வாங்க இன்னும் ஏறியது. புரோக்கர்கள் வேனில் கூட்டிப்போய் பிரியாணி போட்டார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பாதிப் பேர் கடன் வாங்கி மனை வாங்கினார்கள். கம்பெனி வரவில்லை. வாங்கிய விலையில் பாதிக்குக்கூடக் கேட்க ஆளில்லை. கடன் அடைத்தே சம்பளம் கரைந்ததில் வீடு கட்டும் பேச்சு அப்படியே நின்றுபோனது.

ஜெஸி போனிலேயே எல்லாரையும் விரட்டினாள். ஜேசிபி வந்து சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிப் போட்டது. பந்தலும் ஜெனரேட்டரும் வந்தன. மதியத்துக்குள் ஆட்களும் வந்துவிட்டார்கள். மாலை போட்டுவிட்டு வந்த, அப்பாவோடு பள்ளியில் வேலை பார்த்த ஜூடு சார் முள்புதர்களைப் பார்த்தபடி நின்றார். "நானும் இங்கதாம்மா வாங்குனேன். என் எல்லைக் கல்லு எங்க இருக்குன்னே தெரியல" என்றார்.

உபதேசியார் ஜெபத்தை முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். மேற்குப் பக்கம்தான் ரோடு கிட்டத்தில் இருந்தது. நேரே அங்கே நடந்தார்கள்.

"அங்கிட்டுப் போகாதீங்க!" அற்புதமேரி எழுந்து நின்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அது அடுக்களை."

தூக்கியவர்கள் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். ஜெஸிக்கு விளங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து இங்கே வந்து என்னதான் செய்தார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"வாசல் இந்தா, இந்தப் பக்கம்." அம்மா கிழக்கே வெறும் மண்ணைக் காட்டினாள்.

பெட்டி திரும்பியது. அவள் காட்டிய இடத்துக்கு வந்ததும், முன்னால் தூக்கிப் போன ஆன்சன் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வெளியே போனார்.