தட்டிவிட்டு வரும் அப்பா

1
இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் குடும்ப நீதிமன்றத்தின் சமரச அதிகாரி. சுவரோர நாற்காலியில் விவாகரத்து கேட்டு மனுப் போட்ட மனைவி, நர்ஸ். கதவோரம் கணவர், லாரி டிரைவர், பாதி எழுந்தவர்போல. நடுவில் அவர்கள் மகள், பாப்பா. வெளியே பெஞ்சில் நான், வேறொரு வேலையாக. கதவு சரியாகச் சாத்தவில்லை. இந்தக் கதை அந்த இடுக்கு வழியாகக் கிடைத்தது.

2
நான் எழுதிப் பார்த்த தொடக்கம்: 'இரண்டு கை தட்டினால்தான் ஓசை. குடும்பமும் அப்படித்தான், ஒரு கை மட்டும்—'

விட்டுவிட்டேன். பிரசங்கமாகிறது. [ஒளிப்பானேன்? நான் சேர்த்துவைக்கிற கட்சி. கல்யாணம் பாடுபட்டாவது நிற்க வேண்டும், பிள்ளையோடு அப்பா இருக்க வேண்டும் என்று நம்புகிறவன். அந்த மனைவிதான் என் கட்சிக்கு அடங்கவில்லை.]

"அப்பா கூட இருக்கணும்ங்கிறீங்க. எப்ப சார் இருந்தாரு? வெளிய போனா ரோடு, வீட்டுக்கு வந்தா போனு. இருந்தும் இல்லாத மனுஷன்," என்றார் மனைவி, அதிகாரியிடம்.

"சம்பாதிக்கத்தானே போனேன்."

"அதை பேங்க்ல போட்டா போதுமே. ஆளு எதுக்கு?"

அதிகாரி இருமினார். "பிரிஞ்சாலும் ஞாயித்துக்கிழமை இவர் வந்து பாத்துக்கலாம்."

பாப்பா திரும்பினாள். "அப்ப நீ வந்தா கதவைத் தட்டணுமாப்பா?"

டிரைவர் வாயைத் திறந்தார். தன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

(அடிக்குறிப்பு: தட்டிவிட்டு வருகிறவர் விருந்தாளி. அவருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்; வீட்டுப்பாடக் கணக்கில் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.)

3
முடிவு அ: மூவரும் கைகோத்துப் படியிறங்கினார்கள். அடித்துவிட்டேன், அந்த மனைவியே நம்பமாட்டார்.
முடிவு ஆ: இருவரும் கையெழுத்துப் போட்டு— கை வரவில்லை.

காதில் விழுந்தது இவ்வளவுதான்: யோசிக்க ஒரு வாரம் அவகாசம். இனி வருவது நானாக எழுதுவது.

டிரைவர் லாரியை ஓரங்கட்டி, மனைவிக்குக் கடிதம் எழுத ஸ்டியரிங்மேல் தாளை வைத்தார். பள்ளியில் படித்த வரிசை: அனுப்புநர், பெறுநர், விளி. விளியில் பேனா நின்றது. இத்தனை வருஷமும் அவளை 'இந்தா', 'இங்க பாரு' என்றே கூப்பிட்டு ஓட்டியவர். 'அன்புள்ள' என்று எழுதி அடித்தார். சிரிப்பாள். சிரித்தால்கூடத் தேவலை, சிரிக்கமாட்டாளோ என்றுதான் பயம். இடம் விட்டுக் கீழே எழுதினார்:

"உள்ளூர் வண்டி கேட்டிருக்கேன். சம்பளம் குறையும். தினம் வீட்டுக்கு வந்துடலாம். வந்தா மட்டும் போதாதுன்னு தெரியும். எப்படி இருக்கணும்னுதான் தெரியல. நீ சொல்லு."

மேலே விட்ட இடத்துக்கு நானும் ஒரு சொல் தேடித் தோற்றேன். உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், சீக்கிரம். அவர் உறையை நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டார். தபால் பெட்டியின் வாய்க்குள் கடிதத்தோடு கை விரல்வரை போனது, வெறுங்கையாகத் திரும்பியது.