பத்தொன்பதாம் நாள்

டிரைவருக்கு நூறு அடி நடந்தால் போதும், இடது கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவார்கள். நின்றால் விட்டுவிடும். மறுபடி நூறு அடி, மறுபடி அதே முறுக்கல். தெருவில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிவார், கடைப் பலகையைப் படிப்பது போல நிற்பார். இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். பெருவிரல் நகம் நீலம் பாரித்து, ஒரு சின்னக் கீறல் இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்த பிறகுதான், மனைவி அழுது, மகன் மல்லுக்கு நின்று, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முப்பத்தொரு வருஷம் டவுன்பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். தெருவில் எல்லாருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். மகன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை பார்க்கிறவன். இருபத்தொன்பது வயது, ஒரே பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள்.

"காலுக்கு ரத்தம் போற குழாய் இந்த இடத்துல அடைச்சிருக்கு. தொடையிலேருந்து ஒரு குழாயை எடுத்து மாத்துவழி போட்டுடலாம். ஆனா சிகரெட்டை இன்னிக்கே விட்டாகணும். ஆறு வாரம் கழிச்சுத்தான் ஆபரேஷன். அதுக்கு முன்னால ரத்தம் எடுத்துப் பார்ப்போம், பொய் சொன்னா தெரிஞ்சுடும்."

"விடலேன்னா?" என்றார் டிரைவர்.

"நான் போடுற புதுக்குழாயும் அடைச்சுக்கும். அப்புறம்..." டாக்டரம்மா மீதியைச் சொல்லவில்லை. உள்ளங்கையின் விளிம்பைத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவர் கட்டிலில் செய்தித்தாளை விரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட். மெத்தைக்கு அடியிலிருந்து ஒன்று. ரேடியோவுக்குப் பின்னால் ஒன்று. பழைய ஷூவுக்குள்ளிருந்து ஒன்று. மகன் கையைக் கட்டிக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி நின்றான்.

"அவ்வளவுதானா?"

"என்னோடது அவ்வளவுதான். போய் உன்னோடதை எடுத்துட்டு வா."

மகன் கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டான். பதினொரு வருஷமாகக் கிராம்பை மென்று, விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தெருமுனை திரும்பும் முன் சட்டையை உதறிக் காப்பாற்றி வந்த ரகசியம் அது.

"என்னோடதா? என்னப்பா சொல்றீங்க?"

"டேய், கடைசி சீட்டுல ஒருத்தன் பத்த வச்சா, முன்னாடி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே என்ன பிராண்டுன்னு சொல்லுவேன். என் வீட்டுக்குள்ள வர்ற வாடை எனக்குத் தெரியாதா?"

"துவைக்கிறவ நான். எனக்குத்தான் மொதல்ல தெரியும்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்த் தன் பையிலிருந்து எடுத்து வந்து வைத்தான். ஐந்து பாக்கெட்டையும் டிரைவர் தாளோடு சுருட்டித் தண்ணீர் வாளியில் அமுக்கினார். பிறகு சுவரைப் பார்த்தபடி ஒன்று சொன்னார். அந்த மாதிரி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து மகன் கேட்டதே இல்லை.

"தனியா என்னால ஆகாதுடா."

வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அந்த வெறி வந்தா மூணு நிமிஷம் தாக்குப் பிடிச்சாப் போதுமாம். டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு வந்தா உனக்குப் போன் போடுறேன். உனக்கு வந்தா நீ எனக்குப் போடு."

அதுவரை அப்பாவும் மகனும் போனில் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "ம்", "வச்சிடவா" என்கிற அளவுதான். இப்போது ஒரு நாளைக்கு ஏழு எட்டு முறை மூன்று நிமிஷம் பேச வேண்டும். என்னத்தைப் பேசுவது? டிரைவர் பழைய ரூட்டின் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்தார். மகன் அன்றைக்கு வந்த பவர் சீட்டுகளைப் படித்துக் காட்டினான். சில நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் வீடு வெடிமருந்துக் கிடங்கு மாதிரி இருந்தது. டிரைவர் உப்புக்குச் சண்டை போட்டார், மின்விசிறிச் சத்தத்துக்குச் சண்டை போட்டார். மகன் பதிலுக்குக் கதவை அறைந்தான். "கத்துறதா இருந்தா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் கத்திக்குங்க, நான் எந்தப் புகையும் விடல," என்று அம்மா தட்டை நங்கென்று வைத்தாள்.

கடையில் அவனுக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை. லென்ஸ் வேலையில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஃப்ரேமில் உட்காராது. பன்னிரண்டாம் நாள், ஒரே ஆளுடைய கண்ணாடிக்கு மூன்றாவது லென்ஸும் விளிம்பில் சில்லு பெயர்ந்தது. முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தாலாவது தேவலை. அவன் பின்வாசலுக்கு வந்தான். பார்சல் கொண்டுவருகிற கூரியர்காரர் வண்டிமேல் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். கேட்காமலே ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கை வாங்கிவிட்டது.

நாலு இழுப்பு. தலை சுற்றியது. பாதியில் காலடியில் போட்டு மிதித்தான். மிதித்த கால் தரையில் இருக்கும்போதே போன் அடித்தது.

"இருக்கியாடா?" என்றார் டிரைவர். குரல் எப்படியோ இருந்தது.

"இருக்கேன்பா."

"தாக்குப் பிடிச்சு நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"சரி. சரி, போதும்." மூன்று நிமிஷம் ஆகும் முன்பே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பும் அவனுக்குத் தொண்டையில் மாட்டிய முள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். சொன்னால் அப்பாவும் தளர்ந்துவிடுவாரோ என்று பயம் வரும். உடனே டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே இழுத்த கோடு ஞாபகம் வரும். விழுங்கிவிடுவான்.

பத்தொன்பதாம் நாள் காலை, வழக்கமாக வருகிற பத்தரை மணி அழைப்பு வரவில்லை. அவன் பத்து ஐம்பதுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. பதினொன்றுக்கு அடித்தான். பதினொன்றேகாலுக்கு அம்மாதான் எடுத்தாள்.

"போன் மேசை மேலேயே கிடந்து அடிச்சுக்கிட்டு இருக்குடா. நான் இப்பத்தான் கிணத்தடியிலேருந்து வர்றேன்."

"அப்பா எங்கம்மா?"

"எட்டே முக்காலுக்கே செருப்பை மாட்டினாரு, போனாரு. கடைக்குன்னு நினைச்சேன். ராத்திரி பூரா தூங்கவே இல்லடா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல." அம்மாவின் குரல் உடைந்தது. "ரெண்டரை மணி நேரமாச்சு. அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போயிருப்பாரு?"

அவன் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தான். நூறு அடி நடக்க முடியாத மனிதர். எங்கேயாவது விழுந்து கிடக்கலாம். அல்லது எங்கேயாவது உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயப்படுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மூன்றாவதாக ஒரு பயம் பின்னாலேயே வந்தது. கூரியர்காரர் தங்கள் வீட்டுத் தெருவுக்கும்தான் பார்சல் கொண்டுபோகிறார். வாய் சும்மா இருக்காத மனிதர். அப்பாவிடம் ஏதாவது உளறியிருந்தால்?

முதலாளியம்மா அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். "போ, போ. அந்த ரெண்டு கண்ணாடியும் நாளைக்குக் குடுத்தாப் போதும்."

முதலில் தெருமுனைக் கடை. "வந்தாருப்பா," என்றார் கடைக்காரர். "இங்கேதான் நின்னாரு. அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ‘டிரைவர், எடுக்கட்டுமா’ன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாரு, நான் ஏதோ அவரைக் கொல்ல வந்தவன் மாதிரி. திரும்பிப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"அதைக் கவனிக்கல. கூட்டம்."

முடிவெட்டுகிற கடையில் இல்லை. பூங்கா பெஞ்சில் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் சீட்டாடுகிற கொட்டகையில் இல்லை. அங்கே நாலு பேர் வாயிலும் சிகரெட் இருந்தது, அந்த வாடை பட்டதும் அவனுக்கு நாக்கு ஊறியது, கையை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தான். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போன் செய்து அப்பாவின் வயதையும் சட்டை நிறத்தையும் சொன்னான். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்ல அந்தப் பக்கம் எடுத்துக்கொண்ட ஒரு நிமிஷம் அவன் வாழ்க்கையிலேயே நீளமான நிமிஷம். அம்மா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி ஒன்று தாண்டிவிட்டது.

கடைசியில் பஸ் நிறுத்தத்தில் செய்தித்தாள் விற்கிறவர்தான் சொன்னார். "டிரைவரா? பஸ் ஏறினாரே. ஒரு தடவை இல்ல. அதாவது, ஏறினது ஒரு தடவைதான். ஆனா அதே பஸ்ல திரும்பி வந்தாரு, இறங்கல. மறுபடியும் போனாரு. என்னடா இதுன்னு நானும் யோசிச்சேன்."

அவன் நின்றான். முதல் பஸ்ஸில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது பஸ் வளைந்து நின்றபோது, ஓட்டுநருக்கு நேர் பின்னால், ஜன்னலோர இருக்கையில், முன்கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்து வழிந்தது.

மகன் தாவி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் டிரைவர்.

"என்னப்பா இது! அம்மா அங்க உசிரை விட்டுக்கிட்டு இருக்கா!"

"பஸ்ஸுக்குள்ள சிகரெட் பிடிக்கக் கூடாதுல்ல. எத்தனை பேரை நானே நடுவழியில இறக்கி விட்டிருக்கேன்." கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கீழே இறங்கினா வாங்கிடுவேன்டா. அதான் இறங்கல. இது ஆறாவது டிரிப்."

அவன் அம்மாவுக்குப் போன் செய்து கிடைத்துவிட்டார் என்று சொன்னான். அம்மா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், இரண்டும் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

"போனை ஏம்பா விட்டுட்டு வந்தீங்க? எனக்கு அடிச்சிருக்கலாம்ல?"

"இன்னிக்கு மூணு நிமிஷத்துல அடங்குற மாதிரி இல்ல. என் குரலைக் கேட்டா உனக்கும் ஆட்டம் கண்டுடும்னு பயம். நீயாவது ஒழுங்கா நிக்கிறே."

அதற்கு மேல் அவனால் விழுங்க முடியவில்லை. "அப்பா, நான் நிக்கல."

டிரைவர் திரும்பினார்.

"பன்னிரண்டாம் நாள் ஒண்ணு பிடிச்சேன். கடைக்குப் பின்னாடி."

"முழுசாவா?"

"பாதி."

டிரைவர் முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொன்று போயிற்று. சிக்னலில் ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டபோது டிரைவரின் வலது காலும் தரையை அழுத்தியது. தாடை மட்டும் அசைந்தது.

"பன்னிரண்டாம் நாளா?" என்றார் கடைசியில். "மத்தியானமா?"

"ஆமா. நீங்க போன் பண்ணீங்களே, அதுக்குச் சித்த முன்னாடி."

"அன்னிக்கு நான் எங்கேருந்து பண்ணேன் தெரியுமா? மார்க்கெட் பக்கத்துக் கடையிலேருந்து. வாயில சிகரெட், கையில தீப்பெட்டி. கடைசியா ஒரு தடவை உன்னைக் கேட்டுப் பார்த்துட்டுப் பத்த வைக்கலாம்னு. நீ நிக்கிறேன்னு சொன்னே. எடுத்துக் கடைக்காரன் கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

மகனும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப உன் வாயில புகை இருந்திருக்கு," என்றார் டிரைவர். குரல் உயர்ந்தது. "ஏழு நாளா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கே!" பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படுபாவி. உண்மையைச் சொல்லியிருந்தா நானும் அன்னிக்கே பத்த வச்சிருப்பேன். உன்னைத் திட்டவும் வழியில்லாமப் பண்ணிட்டியே."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மகனுக்குப் பிடிபடவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு இன்னிக்கு ஏழாம் நாள். எனக்குப் பத்தொன்பது. ரெண்டையும் ஒண்ணாப் போடாதே. இனிமே விழுந்தா விழுந்தேன்னு சொல்லு. நானும் சொல்றேன்," என்றார்.

கடைசி நிறுத்தத்தில் மகன் அவர் கையைப் பிடித்து இறக்கினான். நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றார்கள்.

அதற்குப் பிறகு மகன் தொடவே இல்லை என்று சொன்னால் அது பொய். முப்பத்திரண்டாம் நாள் ஒன்று பிடித்தான். பத்து நிமிஷத்துக்குள் அப்பாவிடம் சொல்லிவிட்டான். டிரைவர் ஐந்து நிமிஷம் வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்புறம், "சரி, நாளைக்கு ஒண்ணாம் நாள்," என்று வைத்துவிட்டார். டிரைவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வருகிற வரைக்கும் மூன்று பேரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி தவித்தார்கள். சுத்தமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று நாலு மணி நேரம். நடைபாதை நாற்காலியில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். மூன்றாவது மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டான். கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்று புகைக்கிறவர்களைப் பார்த்தபடி நின்றான். பின்னாலேயே அம்மா வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. "எனக்குத் தனியா உக்கார பயமா இருக்குடா," என்றாள். அவன் அவளோடு திரும்பிப் போனான்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை. முகமூடியை இறக்கிய பிறகுதான் சிரிப்புத் தெரிந்தது. "ரத்தம் போகுது. இனிமேதான் பத்திரமாப் பார்த்துக்கணும். வேணும்னா உள்ள வந்து பாருங்க."

நர்ஸ் போர்வையை விலக்கி, இடது பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கு நேராக ஒரு இடத்தைக் காட்டினாள். "இங்க விரலை வைங்க. அழுத்தாம."

அவன் இரண்டு விரலை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் அவன் விரலைப் பிடித்துக் கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்தினாள். அங்கே இருந்தது. சின்னதாக, விடாமல், உள்ளிருந்து தட்டுவது மாதிரி. பாதம் சூடாக இருந்தது.

டிரைவர் அரைக்கண் திறந்தார். மயக்கம் தெளியாத குரல். "என்னடா, காலைப் பிடிக்கிறே? என்ன தப்புப் பண்ணே?"

"ஒண்ணும் இல்லப்பா. நீங்க தூங்குங்க," என்றான். விரலை எடுக்கவில்லை.