கோட்டின் மேல் விரல்

எனக்குக் காது நல்ல காது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் எங்கள் ஊர் மூஞ்சிக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் ஒருத்தர் கொஞ்சம் சுருதி இறங்கினாலும் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். சரியான ஆளைத்தான் பார்ப்பேன். "அருள்தாஸ் அண்ணன் காதுல இருந்து தப்பவே ஏலாது" என்று ஜெயா சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இவள் பிறந்தது இங்கேதான் என்றாலும் அந்த 'ஏலாது' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

ஜெயா நர்சரிப் பள்ளியில் டீச்சர். குழுவில் பாடுவாள், பேஸும் வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு அவள், இரண்டாவது பூசைக்கு நான். கோயிலில் இருந்த பேஸுக்குக் கழுத்து நீளம், அவளுக்கோ கை சின்னது. மேல் முனைக்கு விரல் எட்டாமல் உடம்பையே சாய்த்து வாசிப்பாள். பார்க்கிறவர்களுக்கே தோள் வலிக்கும்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் ஹென்ரி சார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி மக்கர் பண்ணும். நான் வைத்திருப்பது சவுண்ட் சர்வீஸ் கடை, அதனால் போய்ச் சரிபண்ணிக் கொடுப்பேன். அங்கேதான் அந்தக் குட்டை பேஸைப் பார்த்தேன். சாதாரண பேஸைவிட நாலு இன்ச் குறைவு. அதைவிட விசேஷம், அதற்கு ஃப்ரெட் கிடையாது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கம்பிகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள். விரலை அதற்குக் கொஞ்சம் பின்னால் அழுத்தினால் போதும், சுருதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும். இந்த பேஸில் கம்பி இருக்க வேண்டிய இடங்களில் வெளிர் மரத்தால் கோடுகள் மட்டும் இழைத்திருந்தார்கள். கழுத்து வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் ஆள் பேசுகிற மாதிரி குழைந்து வரும்.

முதல் தடவை நான் தொட்டபோது எல்லாமே சுருதி இறங்கித்தான் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஹென்ரி சார் சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து அரை இன்ச் முன்னால் தள்ளினார்.

"பின்னால இல்ல அருள். கோட்டு மேல. நேரா கோட்டு மேல."

விஷயம் அவ்வளவுதான். கம்பிக்குப் பின்னால் அழுத்திப் பழகிய விரல் இங்கேயும் கோட்டுக்குப் பின்னாலேயே போய் உட்காரும். அதை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அன்றிலிருந்து அதை வாங்குவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் கை சால்டரிங் வைக்கும், மனசு அங்கே இருக்கும். 'இருக்கிறது போதாதா' என்று ஒரு நாள், 'ஆயுசுல ஒரு நல்ல சாமான் வெச்சுக்கக் கூடாதா' என்று மறுநாள். "ஒண்ணு அவர்கிட்டக் கேளுங்க, இல்ல மறந்து தொலைங்க" என்று என் வீட்டுக்காரி சலித்துக்கொண்டாள். கேட்க வாய் வரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் ஹென்ரி சார் வேலையை விட்டு ஊருக்குப் போவதென்று முடிவானது. வீட்டுச் சாமான்களை விற்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு சாமானிலும் ஒரு தாளை ஒட்டிவிட்டார். வேண்டியவர்கள் வரிசையாகப் பேர் எழுத வேண்டும். முதல் பேர் எழுதியவருக்குத்தான் சாமான். அவருக்கு வேண்டாமென்றால் அவரே தன் கையால் பேரை அடிக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த ஆளுக்கு.

தாள் ஒட்டிய அன்றைக்கு நான் ஸ்பீக்கர் கோன் வாங்க வத்தலக்குண்டு போயிருந்தேன். வரும்போது மலைப்பாதையில் ஒரு லாரி படுத்துவிட்டது, பஸ் மூன்று மணிநேரம் நின்றது. அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால் பேஸில் ஒட்டிய தாளில் ஜெயாவின் பேர், குண்டு குண்டான டீச்சர் எழுத்தில். அதற்குக் கீழே என் பேரை எழுதினேன்.

மறுநாள் அவள் வாசித்துப் பார்க்கப் போனபோது, "கூட இருந்து கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று என்னையும் கூப்பிட்டாள். ஹென்ரி சார் உள்ளறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெயா பேஸை மடியில் வைத்தாள். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. மேல் முனை வரைக்கும் விரல் சுலபமாக எட்டியது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது.

நான் பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கொடுத்தேன். அவள் விரல் கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. சுருதி இறங்கியது. இன்னொன்று கொடுத்தேன், அதுவும் இறங்கியது.

"சேரமாட்டேங்குதேண்ணே. பேஸ்ல ஏதும் பழுதா?"

"பேஸ் சுத்தமாத்தான் இருக்கு."

"அப்ப எங்காதுதான் பழுதா?"

அரை இன்ச். அவள் விரலைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கலாம். உள்ளே இருந்த ஹென்ரி சாரை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். நான் பியானோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இதுக்குக் கம்பி கெடையாதுல்ல. காதுதான் எல்லாம். எல்லாருக்கும் அமையாது ஜெயா."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு ரொம்ப நாள் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் இன்னும் கால் மணிநேரம் போராடினாள். கண் கலங்கியது. மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துத் தன் பேரை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"நீங்களே எடுத்துக்கங்கண்ணே. உங்க காதுக்குத்தான் இது சரி."

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அதை வாசித்தேன். ஃபாதர் பிரசங்கத்திலேயே பாராட்டினார். ஜெயா முதல் பூசைக்கு வாசிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். "ஸ்கூல் சோலியே சரியா இருக்குண்ணே" என்றாள். பாடகர் குழுவை மட்டும் விடவில்லை. எனக்கு இடப்பக்கம், முதல் வரிசையில் மூன்றாவதாக நிற்பாள். கோட்டின் மேல் விரலை வைக்கும்போதெல்லாம் எனக்கு அவள் விரல் ஞாபகத்துக்கு வரும். குற்றம் செய்த மனசு குறுகுறுக்கும். உடனே இடப்பக்கம் அவள் பாடுவதைப் பார்த்துக்கொள்வேன். பாடிக்கொண்டுதானே இருக்கிறாள், என்ன பெரிய நஷ்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கோயிலில் சின்னப்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம். ஜெயாவின் மகள் சத்தியபிரியாவுக்கு அப்போது ஏழு வயது. அவளையும் அனுப்பச் சொன்னேன். ஜெயா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. எங்காதுதான இவளுக்கும் வந்திருக்கும். நாலு பேரு முன்னாடி போயி நின்னு அவமானப்பட வேணாம். வீட்டுல பாடுனாலே நான் விடுறதில்ல."

பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பேஸுக்கு ஆசைப்பட்டு ஒரு குழந்தையின் வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் வெள்ளனே கிளம்பி, பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு செண்பகனூரில் அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் டீ கொண்டுவந்து வைத்து, "என்னண்ணே, இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டதும் வாய் வேறு எதையோ சொன்னது.

"போன வாரம் மதுரையில ஒருத்தர் ஒரு விஷயம் சொன்னாரு. வெரலைக் கோட்டுக்குப் பின்னால வைக்கக் கூடாதாம். கோட்டு மேல வைக்கணுமாம். வாசிச்சுப் பாரு."

கோழையாகத்தான் போயிருந்தேன், கோழையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெயா கையைத் துடைத்துக்கொண்டு பேஸை வாங்கினாள். விரலைக் கோட்டின் மேல் வைத்து ஒரு ஸ்வரம் வாசித்தாள். சுத்தமாக வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எட்டு ஸ்வரமும் வந்தன. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"அப்ப எங்காதுல ஒண்ணும் இல்லையாண்ணே?"

"உனக்குச் சுத்தமான காது. இது உனக்குத்தான், வெச்சுக்க. பாடிக்கிட்டே வாசி பாப்போம்."

பாட வாயைத் திறந்தாள். கரகரவென்று பாதியில் உடைந்தது. செருமிவிட்டு மறுபடி முயன்றாள், அதுவும் நிற்கவில்லை.

"தொண்டை கட்டியிருக்கா?"

"இல்லண்ணே." அவள் சிரித்தாள். "பாடி ரெண்டு வருசமாச்சே."

"வாரா வாரம் பாடுறியே?"

"வாயை மட்டும் அசைப்பேன். சத்தம் விடமாட்டேன். எங்காது இப்படின்னு தெரிஞ்சபெறகு பாடி, மத்தவங்க சுருதியையும் கெடுக்க ஏலாதுல்ல? குழுவை விட்டுப் போகவும் மனசு வரல." அவள் பேஸின் கழுத்தைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள். "நீங்க கண்டுபிடிச்சுருவீங்கன்னு மொத மாசம் பூரா பயந்துக்கிட்டே நின்னேன். உங்க காதுக்குத் தெரியாமலா இருக்கும்? எம்மனசு கஷ்டப்படுமேன்னுதான் நீங்க ஒண்ணும் கேக்கல. அப்படித்தானண்ணே?"

தலையை ஆட்டிவிட்டு எழுந்திருந்தால் போதும். பேஸும் அவளுக்கு, என் நல்ல பேரும் எனக்கு. வாசலில் சத்தியபிரியா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஜெயா. நீ பாடலைங்கிறது எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூடத் தெரியல." டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "கோட்டு மேல வெரல் வைக்கணும்னுதான் தெரியும். மதுரைக்காரர் யாரும் சொல்லல. ஹென்ரி சார் வீட்டுல நீ வாசிச்ச அன்னைக்கே தெரியும்."

அவள் கை பேஸின் மேலேயே நின்றது. பிறகு பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளைக்குப் பாடுறேன். கேக்குதான்னு பாருங்க."

வழக்கமாகக் கடைசியில் வருகிற 'அண்ணே' அதில் இல்லை.